கூர்

நவம்பர் மாதத்து ஓல்டன்.
ஆரே நதியிலிருந்து ஏறிவரும் பனிமூட்டம்
ரயில் நிலையத்தை விழுங்கி, பாலத்தை விழுங்கி,
எங்கள் மூன்றாம் மாடிவரை வந்து நிற்கும்.
நான்காவதற்கு ஏறாது.
ஃபிராவ் இன்னிகர் அனுமதிக்க மாட்டார் என்பேன்.
கணவர் சிரிப்பார்.

கட்டடத்துக்கு ஒரே சலவையறை, நிலவறையில்.
திங்கள் அவருக்கு, செவ்வாய் எனக்கு.
சாவி கைமாறும் நேரம் காலை ஏழு.
ஏழு என்றால் ஏழு.
என் செவ்வாய்கள்தோறும்
இயந்திரத்தின் மூடியில் ஒரு மஞ்சள் தாள்:
வடியில் பஞ்சு இருந்தது.
தரையில் நீர் இருந்தது.
ஞாயிறு மாலை படிக்கட்டில் கறிவாசம் இருந்தது.
ஒவ்வொன்றின் அடியிலும்
நட்பார்ந்த வணக்கங்களுடன்.

ஒரு நத்தாருக்குப் பயற்றம்பணியாரம் கொண்டுபோனேன்.
தட்டு திரும்பி வந்தது, பளிச்சென்று கழுவி,
மேலே ஒரு தாளுடன்:
சர்க்கரை எனக்கு ஆகாது.

ஞாயிறு பூசையில் நான் நல்லவள்.
அகதிகளுக்காக, சிறையிலிருப்போருக்காக,
வரைபடத்தில் காட்டத் தெரியாத நாடுகளின் பசிக்காக
கண் கலங்க மன்றாடுவேன்.
அவர்களில் ஒருவரும்
என் பஞ்சை எண்ணிப் பார்த்ததில்லை.

தை மாதத்தில் ஒரு செவ்வாய்.
தாள் இல்லை.
இயந்திரத்துக்குள் அவருடைய துணி
நேற்றிலிருந்து ஈரமாய்க் கிடந்தது.
ஆண்டவரே, எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி!
பதினோரு வருடமாய்த் தத்தளித்த ஜெர்மனில்
முதல்முதலாக நானும் ஒரு தாள் எழுதினேன்.
வேற்றுமை உருபு ஒன்றுகூடப் பிசகவில்லை.
நட்பார்ந்த வணக்கங்களை
மறக்கவில்லை.

ஒட்டப்போன கை கதவருகே நின்றது.
உள்ளே எதுவோ விழுந்தது.
பிறகு இன்னொன்று.
கதவு திறந்தது.
வலது கையில் தோள்வரை மாவுக்கட்டு.
சட்டைப் பொத்தான்கள்
ஒன்றின் துளையில் இன்னொன்று.
வாசற்படியில் உறைபனி, என்றார். வெள்ளிக்கிழமை.
இடது கையால் துணியைப் போட முடிந்தது,
எடுக்க முடியவில்லை.
நான்கு நாள்.
அவர் தலைக்குக் கீழேதான் என் சமையலறை.

என் தாளைச் சட்டைப்பைக்குள் தள்ளினேன்.
கசங்கிய சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும்.

கீழே போய் அவருடைய துணிகளை உலர்த்தினேன்.
நடுவில் ஒட்டுப்போட்ட விரிப்பு ஒன்று,
தையல் அவ்வளவு நேர்த்தி.
ஆண்கள் அணியும் காலுறை ஒரு சோடி.
அவர் வீட்டில் ஆண் இல்லை.
நாங்கள் குடிவந்த நாள்முதல் இல்லை.
அதை மட்டும் கொஞ்ச நேரம்
கையில் வைத்திருந்தேன்.

அன்பு கூர் என்கிறது நம் வேதத்தின் தமிழ்.
கூர்தல் என்றால் மிகுதல்;
அகராதியில் அப்படித்தான்.
முதியோர் இல்லத்துச் சமையலறையில்
நாளுக்கு முப்பது கிலோ உருளைக்கிழங்கு
உரிக்கிறவளுக்குக் கூர் என்றால் வேறு.
கத்தி கல்லில் தேயவேண்டும்.
தேய்ந்த அளவுக்குத்தான் கூர்.
வழவழப்பான கல்லால்
ஒரு பிரயோசனமும் இல்லை.

மறுநாள் காலை என் கதவில் மஞ்சள் தாள்,
இடதுகை எழுத்தில், கோணல்மாணலாய்:
சட்டைகளைத் தோளில் பிடித்துத் தொங்கவிடக் கூடாது.
கிளிப்பின் தடம் விழுகிறது.
கீழ் ஓரத்தில் பிடிக்கவும்.
நட்பார்ந்த வணக்கங்களுடன்.

கெட்ட வார்த்தை ஒன்று சொன்னேன்,
தமிழில், சத்தமாக.
சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில்
அதை மெல்லமாய்ச் சொன்னேன்.

திங்கள் வந்தது. அரைநாள் லீவு எடுத்தேன்.
சாவியை அவரே கொண்டுவந்தார், ஏழு மணிக்கு.
அவருடைய சட்டை ஒவ்வொன்றையும்
தலைகீழாய், கீழ் ஓரம் பிடித்து மாட்டினேன்.
கைகள் தரையை நோக்கித் தொங்கின,
விழுந்ததை எடுக்கக் குனிந்தவர்கள் போல.

பிறகு வடியைக் கழற்றினேன்.
பஞ்சு இருந்தது.
அவருடையதுதான். சாம்பல் நிறம்.
விரலில் உருட்டிப் பார்த்தேன்.
என்னுடையதும் இப்படித்தான் இருக்கும்.